சாக்கெட் இல்லாத பழைய இன்ஜினில் டிகோடர்: மோட்டாரைத் தனிமைப்படுத்துவதிலிருந்து சிவி அமைப்புகள் வரை

டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாற்ற எடுத்துக்கொண்டது எச்ஓ அளவில், அதாவது 1:87 விகிதத்தில் செய்யப்பட்டு 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் நான்கு அச்சு டீசல் இன்ஜின் மாதிரி. டிஜிட்டல் கட்டளைகளைப் படித்து மோட்டாரை இயக்கும் டிகோடர் என்ற சிறு மின்சுற்று உள்ளே வரப்போகிறது என்று யாரும் எண்ணாத காலத்து வடிவமைப்பு அது. நடுவில் மோட்டார், அதன் இரு முனைகளிலும் கனமான ஃப்ளைவீல்கள், அவற்றிலிருந்து இணைப்புத் தண்டுகள் வழியாக இரண்டு போகிகளிலும் (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டங்கள்) உள்ள வார்ம் கியர்களுக்கு (திருகு வடிவப் பல்சக்கரங்கள்) சுழற்சி செல்லும். வலப்பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்து எடுக்கும் மின்சாரம் போகியின் உலோகத் தகடு வழியாக இன்ஜினின் வார்ப்பு அடிச்சட்டத்துக்கு வந்து, அங்கிருந்து மோட்டாரின் கீழ் பிரஷை (சுழலும் சுருளுக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) நேரடியாக அடைகிறது. இடப்பக்க மின்சாரம் போகிகளிலிருந்து மேலெழும் தகடுகளைத் தொட்டபடி கிடக்கும் ஒரு நீளமான உலோகப் பட்டை வழியாக மேல் பிரஷுக்குப் போகிறது. ஒரு வயர்கூட இல்லாமல் ஓடும் அழகான ஏற்பாடு இது. ஆனால் டிஜிட்டலுக்கு மாற்றும்போது முதலில் கலைக்க வேண்டியதும் இதைத்தான்.

ஏன் கலைக்க வேண்டும் என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால், மற்ற வேலைகள் எல்லாம் தாமாக வரிசைப்படும். அனலாக் முறையில் தண்டவாளத்தில் இருக்கும் நேர்மின்னழுத்தமே வேகம். அதைத் திருப்பிப் போட்டால் இன்ஜின் பின்னோக்கி ஓடும். டிசிசி எனப்படும் டிஜிட்டல் கட்டளைக் கட்டுப்பாட்டு முறையிலோ தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். எச்ஓ அளவில் அது பெரும்பாலும் 14 முதல் 16 வோல்ட் வரை. அந்த மின்னழுத்தம் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் சதுர அலையாக வருகிறது. கட்டளைகள் அந்த மாற்றங்களின் கால அளவிலேயே அடங்கியிருக்கின்றன. அலையின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது ‘1’. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது ‘0’. இன்ஜினில் உள்ள டிகோடர் இந்த அலையை நேர்மின்சாரமாக்கித் தனக்கும் மோட்டாருக்கும் எடுத்துக்கொள்வதோடு, தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் படித்து, மோட்டாருக்கு எவ்வளவு, எந்தத் திசையில் என்பதைத் தானே முடிவு செய்கிறது. ஆகவே மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் தண்டவாளத்தோடு டிகோடர் வழியாக அன்றி வேறு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஒரு பிரஷ் அடிச்சட்டத்தை மயிரிழை தொட்டாலும், தண்டவாளத்தின் முழு மின்னழுத்தம் டிகோடரின் மோட்டார் வெளியீட்டுக்குள் பின்புறமாகப் புகுந்து, அங்குள்ள டிரான்சிஸ்டர்களை நொடியில் எரித்துவிடும்.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் டிசிசியைப் பொதுத் தரமாக வகுத்தது. எந்த நிறுவனத்தின் டிகோடரும் எந்த நிறுவனத்தின் கமாண்ட் ஸ்டேஷனோடும் (தண்டவாளத்துக்குக் கட்டளைகளை அனுப்பும் கருவி) பேசுவதும், வயர்களின் நிறங்கள் எல்லா டிகோடரிலும் ஒன்றாக இருப்பதும் அந்தத் தரத்தின் பயன். பழைய இன்ஜினில் கைவைக்கும் நமக்கு இந்த நிற ஒழுங்கு பெரிய ஆறுதல்.

டிகோடர் வாங்குவதற்கு முன்பே இன்ஜினை அனலாக் மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்து இரண்டு அளவுகளைக் குறித்துக்கொண்டேன். 12 வோல்ட்டில் தடையின்றி ஓடும்போது மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பது ஒன்று. ஃப்ளைவீலை விரலால் பிடித்து நிறுத்தும்போது எவ்வளவு இழுக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் டிகோடரைத் தேர்ந்தெடுக்க உதவும் அளவு. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்துத் தொடராக இணைத்து, ஓரிரு நொடிகளுக்கு மேல் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் பிடித்தால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் சுருள் சூடேறும். என் மோட்டார் ஓட்டத்தில் 0.35 ஆம்பியரும், நின்ற நிலையில் 0.9 ஆம்பியரும் இழுத்தது. தொடர்ச்சியாக 1 ஆம்பியர், கணநேரத்துக்கு 2 ஆம்பியர் தாங்கும் டிகோடர் போதும் என்று இதிலிருந்து தெரிந்தது. பழைய திறந்த வகை மோட்டார்கள் சில, நின்ற நிலையில் 1 ஆம்பியரைத் தாண்டும். அவற்றுக்கு இந்த டிகோடர் போதாது.

ஓட்டத்தில் 0.35 என்பது கொஞ்சம் அதிகம் என்று பட்டதால், பிரஷ்கள் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, செம்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் அடைந்திருந்த கரித்தூளைப் பல்குத்தும் குச்சியின் முனையால் எடுத்தேன். அந்தத் தூள் கடத்தும் தன்மை உடையது என்பதால், பள்ளம் நிரம்பினால் ஒரு சுருளிலிருந்து அடுத்த சுருளுக்கு மின்சாரம் கசிந்து வீணாகிறது. உப்புத்தாள் தேய்ப்பதை நான் ஏற்பதில்லை; அது விட்டுச்செல்லும் கீறல்களில் மீண்டும் கரி படியும், பிரஷும் விரைவில் தேயும். வார்ம் கியர் பெட்டிகளில் இறுகி மஞ்சளாகிப்போன பழைய கிரீஸை முழுவதும் கழுவிவிட்டு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கிரீஸைச் சிறிதளவும், மோட்டாரின் பேரிங்குகளில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயும் வைத்தேன். பிறகு அளந்தபோது ஓட்ட மின்னோட்டம் 0.24 ஆம்பியராகக் குறைந்திருந்தது. பழைய மோட்டார்களில் ஆர்மேச்சரைக் காந்தத்துக்கு வெளியே உருவி எடுக்காமலேயே இந்த வேலையைச் செய்வது நல்லது. உருவினால் சில வகைக் காந்தங்கள் தம் வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றன.

அடுத்து மோட்டாரைத் தனிமைப்படுத்தும் வேலை. மோட்டாரை அடிச்சட்டத்திலிருந்து கழற்றிக் கவிழ்த்தால், கீழ் பிரஷைப் பிடித்திருக்கும் பித்தளை கிளிப் தெரியும். அதன் இரு முனைகளும் கீழ்நோக்கி வளைந்து, அடிச்சட்டத்தை அழுத்தித் தொடும்படி இரண்டு சிறு நாக்குகளாக நிற்கின்றன. எத்தனையோ ஆண்டுகள் அவை உரசிய இடம் வார்ப்பில் பளபளப்பான இரு புள்ளிகளாகப் பதிந்திருந்தது. கிளிப்பை எடுப்பதற்கு முன் அதன்மேல் ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உள்ளிருக்கும் சுருள்வில் பிரஷையும் இழுத்துக்கொண்டு பறந்துபோகும். இந்த வேலையை ஓரம் உயர்ந்த ஒரு தட்டின் மேல் வைத்துச் செய்தால் தேடும் வேலை மிச்சம்.

கழற்றிய கிளிப்பின் நாக்குகளைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, வெட்டுமுனைகளை அரம் கொண்டு தட்டையாக்கினேன். சிலர் நாக்குகளை மடக்கிவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மடக்கிய பித்தளை அதிர்வில் மெல்லத் திரும்பி நிமிரக்கூடும் என்பதால் வெட்டிவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கிளிப்பை மோட்டாரில் மாட்டுவதற்கு முன்பே அதன்மீது டிகோடரின் மோட்டார் வெளியீட்டுக்கான சாம்பல் நிற வயரையும், மேல் கிளிப்பில் அதன் இணையான ஆரஞ்சு நிற வயரையும் சால்டர் செய்துவிட வேண்டும். மோட்டாரில் இருக்கும் நிலையில் சூடுகாட்டினால் பிரஷைத் தாங்கும் பிளாஸ்டிக் உருகி, பிரஷ் சாய்ந்துவிடும். சுருள்வில்லும் சூட்டில் தன் விறைப்பை இழக்கும். இரண்டு பிரஷ்களுக்கும் குறுக்கே ரேடியோ இரைச்சலைத் தடுக்கப் பொருத்தியிருந்த வட்டமான சிறு கெபாசிட்டரையும் அப்போதே நீக்கிவிட்டேன். டிகோடர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டு துண்டாகக் கொடுப்பதாலும், இடையிடையே நிறுத்தி, சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் பின்னழுத்தத்தை அளப்பதாலும், குறுக்கே கெபாசிட்டர் இருந்தால் அந்த அளவு கலங்கிப்போகும்.

மோட்டார் உட்காரும் பள்ளத்தின் அடியில் சூடு தாங்கும் கேப்டான் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினேன். வீட்டு மின்வேலைக்குப் பயன்படும் கருப்பு இன்சுலேஷன் டேப் இங்கே வேண்டாம்; இன்ஜினுக்குள் எழும் சூட்டில் அதன் பசை இளகி வழிந்து, சில மாதங்களில் டேப் தானாக நழுவும். மோட்டாரைத் திரும்பப் பொருத்தி, அதைப் பிடிக்கும் திருகுகளையும் இறுக்கிய பிறகுதான் உண்மையான சோதனை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சியைக் காட்டும் ஒலி நிலையில் வைத்து, ஒரு முனையை ஆரஞ்சு வயரிலும் மறுமுனையை அடிச்சட்டத்திலும், பிறகு எட்டுச் சக்கரங்களில் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்க்க வேண்டும். சாம்பல் வயரிலும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். இதை ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே செய்வது முக்கியம், ஏனெனில் ஆர்மேச்சரின் ஏதேனும் ஒரு சுருள் தன் தண்டோடு ஷார்ட் ஆகியிருந்தால், அது சுழற்சியின் சில நிலைகளில் மட்டும் தெளிவாகத் தெரியவரலாம். ஒலி எழாததோடு நின்றுவிடாமல், மீட்டரை மெகாஓம் நிலைக்கு மாற்றி அங்கும் எண் எதுவும் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே டிகோடரின் உறையைப் பிரித்தேன்.

மின்சாரம் எடுக்கும் பக்கத்தில், வடிவமைப்பாளர் வைத்த பாதையை அப்படியே விட்டுவிட்டு, அடிச்சட்டத்தில் ஒரு திருகின் கீழ், தண்டவாள மின்சாரத்தை எடுக்கும் டிகோடரின் சிவப்பு வயரை மாட்டினால் வேலை முடிந்தது என்று பலர் சொல்வார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் போகியை இடமும் வலமும் திருப்பியபடி சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையிலான தடையை அளந்தபோது, அது அரை ஓமிலிருந்து பல பத்து ஓம்களுக்குத் தாவுவதைக் கண்டேன். போகி சுழலும் அச்சாணியில் வெறும் உலோகம் உலோகத்தைத் தொடுவதுதான் அங்கே இணைப்பு. எண்ணெய்ப் படலமும் துருவும் சேர்ந்து அதை நம்பத்தகாததாக்கிவிடுகின்றன. அனலாக்கில் ஒரு கணத் துண்டிப்பை ஃப்ளைவீல் மறைத்துவிடும். டிகோடரோ ஒரு சிறு கணினி. மின்சாரம் போய் வந்தால் அது புதிதாகத் தொடங்கி, தனக்கான அடுத்த கட்டளை வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். எனவே இரண்டு போகிகளின் தகடுகளிலும் மெல்லிய, பல இழை கொண்ட வயரை நேரடியாகச் சால்டர் செய்து மேலே கொண்டுவந்து, வலப்பக்கத்தவற்றைச் சிவப்போடும் இடப்பக்கத்தவற்றைக் கருப்போடும் இணைத்தேன். மேலே கிடந்த நீளமான பட்டைக்கு இனி இடமில்லை என்று எடுத்துவிட்டேன்.

போகித் தகடு எஃகு என்பதால் சால்டர் எளிதில் ஒட்டாது. சிறு அரத்தால் பளபளப்பாகத் தேய்த்து, ரோசின் ஃப்ளக்ஸ் தடவி, முதலில் தகட்டின்மேல் மட்டும் ஈயத்தை மெல்லிய படலமாகப் பரப்பி, வயரின் முனையிலும் அவ்வாறே ஏற்றி, பிறகு இரண்டையும் சேர்த்து அயர்னின் முனையை இரண்டு நொடி வைத்தால் போதும். சால்டர் ஆறும்போது வயர் அசையாமல் இருந்தால் பரப்பு பளபளவென்று இருக்கும். மங்கலாக, மணல்போலத் தெரிந்தால் அதைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். வயரின் நீளத்தை நிர்ணயிக்க, போகியை அதன் கடைசி எல்லை வரை இருபுறமும் திருப்பிப் பார்த்து, வயர் இறுகவும் கூடாது, மடிந்து சக்கரத்தையோ இணைப்புத் தண்டையோ உரசவும் கூடாது என்ற அளவில் வெட்டினேன். வயர் விறைப்பாக இருந்தால் வளைவில் போகியைத் தூக்கித் தடம்புரளச் செய்யும். பல இழை வயரை வற்புறுத்துவது அதனால்தான்.

டிகோடரோடு வந்த எட்டு முனை பிளக்கை வெட்டிவிட்டு நேரடியாகச் சால்டர் செய்வதா, அல்லது இன்ஜினுக்குள் ஒரு சாக்கெட்டைப் பொருத்துவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சாக்கெட் வைத்தால் டிகோடர் பழுதானபோது உருவிவிட்டு மாற்றலாம். ஆனால் எட்டு முனை சாக்கெட்டும் பிளக்கும் சேர்ந்து இந்தக் குறுகிய கூட்டுக்குள் அடைக்கும் இடம் டிகோடருக்கே சமமாகிறது. நான் நேரடி இணைப்பையே தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு இணைப்புக்கும் முன்பே சுருங்கும் குழலை வயரில் ஏற்றி, சால்டர் ஆறியபின், மோட்டார் வயர் இரண்டையும் தவிர மற்ற மூட்டுகளின்மீது நகர்த்திச் சுருக்கினேன். டிகோடரை மட்டும் முழுக்கச் சுருங்கும் குழலால் மூடவில்லை. மோட்டார் மின்னோட்டத்தில் எழும் வெப்பம் அதன் பரப்பிலிருந்து வெளியேற வேண்டும். அடிப்பக்கம் மட்டும் ஃபோம் டேப்பில் உட்கார, மேற்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கும்படி மோட்டாருக்கு மேலே ஒட்டினேன்.

விளக்குகளில் சிலர் ஒரு குறுக்குவழியைக் கையாள்கிறார்கள். பழைய பல்பின் ஒரு முனை அடிச்சட்டத்தோடு சேர்ந்திருப்பதை அப்படியே விட்டுவிட்டு, மறுமுனையை மட்டும் டிகோடரின் வெள்ளை வயரில் கொடுத்தாலும் விளக்கு எரியும். ஆனால் அப்போது அதற்குக் கிடைப்பது அலையின் ஒரு பாதி மட்டுமே, ஒளி மங்கலாக இருக்கும், சில டிகோடர்களில் நடுங்கவும் செய்யும். டிகோடரின் நீல வயர்தான் எல்லா விளக்குகளுக்கும் பொதுவான நேர்முனை. வெள்ளை முன்விளக்குக்கும் மஞ்சள் பின்விளக்குக்கும் எதிர்முனை. பல்புகளை நீக்கி இரண்டு வெதுவெள்ளை எல்இடிகளை வைத்தேன். நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையே ஏறத்தாழ 13.5 வோல்ட் கிடைக்கிறது. எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 10.5 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 1 கிலோஓம் போட்டால் 10.5 மில்லியாம்பியர் ஓடி, ரெசிஸ்டரில் 0.11 வாட் வெப்பமாகும். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்கும் என்றாலும், பிளாஸ்டிக் மூடிக்குப் பக்கத்தில் அந்த வெப்பம் எனக்கு உவப்பானதாக இல்லை. 2.2 கிலோஓம் போட்டபோது ஓட்டம் 4.8 மில்லியாம்பியராகி, வெப்பம் 0.05 வாட்டாகக் குறைந்தது. ஒளியும் உண்மையான முன்விளக்குப்போல அடக்கமாக இருந்தது. இரண்டு எல்இடிகளுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டும்.

முதல் மின்சாரம் எப்போதும் புரோகிராமிங் டிராக்கில், அதாவது டிகோடரின் அமைப்புகளை வாசிக்கவும் எழுதவும் ஒதுக்கிய தனித் தண்டவாளத்தில்தான். அங்கே கமாண்ட் ஸ்டேஷன் தரும் மின்னோட்டம் கட்டுக்குள் வைக்கப்பட்டிருப்பதால், எங்கேனும் ஷார்ட் இருந்தாலும் டிகோடர் தப்பிக்க வாய்ப்பு உண்டு. தவிர, அதுவே வயரிங்கின் முழுச் சோதனையாகவும் அமைகிறது. டிகோடரின் அமைப்புகள் சிவி எனப்படும் எண்ணிட்ட நினைவிடங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மதிப்பைக் கேட்டால் டிகோடர் பதிலை அலையாக அனுப்புவதில்லை. மோட்டாரை ஒரு கணம் இயக்கி, குறைந்தது 60 மில்லியாம்பியர் கூடுதல் மின்னோட்டத்தைச் சுமார் 6 மில்லி நொடிக்கு இழுக்கிறது. அந்த எழுச்சியையே கமாண்ட் ஸ்டேஷன் ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே சிவி 8-ஐ வாசித்துத் தயாரிப்பாளர் எண் திரும்பி வந்துவிட்டால், சிவப்பு, கருப்பு, ஆரஞ்சு, சாம்பல் ஆகிய நான்கு வயர்களும் சரியாக இணைந்திருக்கின்றன என்று ஒரே வாசிப்பில் தெரிந்துவிடும். எண் வந்தது, இன்ஜின் ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு மி.மீ.கூட நகராமல் சிலிர்த்துக்கொண்டது.

முதன்மைத் தண்டவாளத்துக்குக் கொண்டுபோய், தொழிற்சாலை முகவரியான 3-இல் முன்னோக்கி நகர்த்தியபோது முன்விளக்கு எரிந்தது, இன்ஜினோ பின்னோக்கிப் போனது. இதைச் சரிசெய்ய சிவி 29-இல் திசையைத் திருப்பும் பிட் இருக்கிறது என்று உடனே கை அங்கே போகும். ஆனால் இந்த நிலையில் அது உதவாது. அந்த பிட் மோட்டாரோடு விளக்குகளையும் சேர்த்தே திருப்புவதால், முன்னோக்கி ஓடும் இன்ஜினில் பின்விளக்கு எரியும். விளக்கு சரியாக இருந்து ஓட்டம் மட்டும் தலைகீழானால், ஆரஞ்சையும் சாம்பலையும் இடம் மாற்றுவதுதான் வழி. விளக்கும் ஓட்டமும் சேர்ந்தே தலைகீழானால் சிவி 29 போதும். மூட்டுகளைச் சுருங்கும் குழலில் மூடுவதற்கு முன் வயர்களைத் தற்காலிகமாக முறுக்கி இதைச் சோதித்துக்கொள்வது சிக்கனமான பழக்கம். மோட்டார் வயர் இரண்டையும் நான் அதற்காகவே கடைசி வரை மூடாமல் வைத்திருந்தேன்.

மிக மெதுவான ஓட்டத்தில்தான் இந்த வேலையின் சுவையான பகுதி தொடங்கியது. 128 வேகப் படிகளில் முதல் படியில் இன்ஜின் நகரத்தான் செய்தது, ஆனால் சீரான இடைவெளியில் ஒரு சிறு தயக்கம் காட்டியது. டிகோடரின் பின்னழுத்தக் கட்டுப்பாட்டு எண்களை மாற்றிப் பார்த்தால் தயக்கத்தின் குணம் மாறியதே தவிர, அது நீங்கவில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் அளவுகோலை வைத்து, தயங்கிய இடங்களைப் பென்சிலால் குறித்தேன். இடைவெளி ஏறத்தாழ 37 மி.மீ. வந்தது. இந்த இன்ஜினின் சக்கர விட்டம் 11.7 மி.மீ.; அதை π (பை) மதிப்பால் பெருக்கினால் சுற்றளவு 36.8 மி.மீ. ஆகிறது. ஆக, சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு முறை தடை வருகிறது. மோட்டாரிலோ வார்மிலோ கோளாறு இருந்தால், கியர் விகிதத்துக்கு ஏற்பத் தயக்கம் இதைவிட மிக அடிக்கடி வந்திருக்கும். எனவே சந்தேகம் நான்கு அச்சுகளுக்குள் அடங்கிவிட்டது.

போகிகளின் வார்ம் மூடியைத் திறந்து, வார்மை எடுத்துவிட்டு, ஒவ்வொரு போகியையும் கண்ணாடிப் பலகையில் வைத்து விரலால் உருட்டிப் பார்த்தேன். முன்போகியில் ஒரு இடத்தில் கை உணரும்படி ஒரு தட்டு இருந்தது. அச்சுகளை வெளியே எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஒரு அச்சின் நடுவில் இரண்டு அரை அச்சுத் தண்டுகளையும் பிடித்து நிற்கும் பிளாஸ்டிக் கியரில், இரு பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில், நீளவாக்கில் ஒரு மயிரிழை விரிசல் ஓடியது. எஃகுத் தண்டு பிளாஸ்டிக்கை உள்ளிருந்து ஓயாமல் விரித்துக்கொண்டே இருப்பதால், பழைய இன்ஜின்களில் இந்த விரிசல் அடிக்கடி காணப்படுவது. விரிசல் விழுந்த இடத்தில் இரு பற்களும் சற்று விலகி நிற்க, எதிர்க் கியரின் பல் அங்கே வரும்போது ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குகிறது. அனலாக்கில் இந்த இன்ஜினால் இவ்வளவு மெதுவாக ஓடவே முடியாது என்பதால், தயக்கம் வேகத்தில் கரைந்து போயிருந்தது. டிகோடர் ஒரு குறையையும் உண்டாக்கவில்லை, இருந்ததைக் காட்டிக்கொடுத்தது. சிவி எண்களை மாற்றி மாற்றி ஒரு இயந்திரக் கோளாறை மூடிமறைக்க முயல்வதை நான் அடியோடு ஏற்பதில்லை. அப்படி மூடினாலும் கியர் தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

விரிசலைப் பசையால் ஒட்டுவது பயனற்றது. பற்களின் இடைவெளி அப்படியேதான் இருக்கும். புதிய கியரை அழுத்திப் பொருத்தினேன். அழுத்தும்போது இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 14.4 மி.மீ. அளவில் நிறுத்த வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பாயிண்டுகளில் (தண்டவாளம் கிளை பிரியும் இடங்கள்) சக்கரம் இடிக்கும். இரண்டு அரை அச்சுகளின் முனைகளும் கியருக்குள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கின்றனவா என்பதும் முக்கியம். தொட்டால் இரண்டு தண்டவாளங்களும் அங்கேயே ஷார்ட் ஆகிவிடும். மல்டிமீட்டரை மீண்டும் கையில் எடுத்து அதை உறுதிசெய்துகொண்டேன்.

இதன்பிறகு எண்களை அமைப்பது விரைவாக முடிந்தது. இன்ஜினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் 2651 என்ற எண்ணையே முகவரியாக்க விரும்பினேன். 127-க்கு மேற்பட்ட முகவரி என்பதால் அது சிவி 17, சிவி 18 ஆகிய இரண்டிலும் பிரிந்து அமரும்: 2651-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 91, ஈவோடு 192-ஐக் கூட்டி 202-ஐ சிவி 17-இலும், 91-ஐ சிவி 18-இலும் எழுத வேண்டும். இப்போதைய கமாண்ட் ஸ்டேஷன்கள் இந்தக் கணக்கைத் தாமே செய்துகொள்கின்றன என்றாலும், திரும்ப வாசித்துச் சரிபார்க்கும்போது எண்களின் பொருள் தெரிந்திருப்பது நல்லது. சிவி 29-இல் 34 எழுதினேன்: நீண்ட முகவரிக்கு 32, 28 அல்லது 128 வேகப் படிகளுக்கு 2. அனலாக் ஓட்டத்தை அனுமதிக்கும் 4-ஐ வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதை அனுமதித்திருந்தால், அலை கணநேரம் குலைந்து ஒரு நேர்மின்னழுத்தம் மட்டும் தெரியும்போது, டிகோடர் அதை அனலாக் மின்சாரம் என்று எண்ணி இன்ஜினை முழுவேகத்தில் பாய விடக்கூடும். இனி இந்த இன்ஜின் அனலாக் தண்டவாளத்துக்குத் திரும்பப்போவதும் இல்லை.

தொடக்க மின்னழுத்தமான சிவி 2-ஐச் சரிசெய்யும் வரை, முடுக்கத்துக்கான சிவி 3-ஐயும் தணிப்புக்கான சிவி 4-ஐயும் பூஜ்யத்தில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்றத்தின் விளைவு தாமதமாகத் தெரிந்து குழப்பும். இன்ஜின் நன்கு சூடேறும்படி இருபுறமும் சிறிது நேரம் ஓட்டிய பிறகு, முதல் படியில் நிற்காமல் ஊரும் மிகக் குறைந்த மதிப்பை சிவி 2-இல் நிறுத்தினேன். உச்ச வேகத்தை சிவி 5-ஆல் குறைத்தேன். இந்த மோட்டாரை முழுவேகத்தில் விட்டால் அது டீசல் இன்ஜினாக அல்ல, பொம்மையாக ஓடும். நடுவேகத்துக்கான சிவி 6-ஐ உச்சத்தின் பாதிக்குச் சற்றுக் கீழே வைத்ததால், சரக்கு ரயிலைக் கையாளும் வேக எல்லைக்குள் திராட்டிலின் அசைவு நுட்பமாகிறது. கடைசியாக சிவி 3-இல் 20 எழுதினேன். அந்த எண்ணை 0.896-ஆல் பெருக்கினால் நின்ற நிலையிலிருந்து உச்சத்தை அடையும் நொடிகள் கிடைக்கும் என்பது தரத்தில் உள்ள கணக்கு; இங்கே அது கிட்டத்தட்ட 18 நொடி. சிவி 4-க்கு அதைவிடக் குறைவாக 12 போதும். பிரேக் போட்ட இன்ஜின் எங்கே நிற்கும் என்பதைக் கை விரைவில் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா.

மின்சாரம் துண்டிக்கப்படும் கணங்களில் ஓட்டத்தைத் தொடர வைக்கும் கெபாசிட்டர் தொகுதியைச் சேர்க்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எட்டுச் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும் இந்த இன்ஜின், பாயிண்டுகளின் நடுவே மின்சாரம் இல்லாத பிளாஸ்டிக் துண்டை ஊர்ந்தே தாண்டுகிறது. நான்கு சக்கரங்கள் மட்டும் கொண்ட சிறு ஷண்டிங் இன்ஜின் என்றால் என் முடிவு வேறாக இருக்கும். அதற்கு 2.7 வோல்ட் சூப்பர் கெபாசிட்டர்கள் ஆறு தொடராக இணைக்கப்பட்டால் 16.2 வோல்ட் வரை தாங்கும். அவற்றோடு மின்னேற்றத்தை மட்டுப்படுத்த 100 ஓம் ரெசிஸ்டரும், வெளியேறும் மின்சாரம் அந்த ரெசிஸ்டரைத் தவிர்த்து ஓட ஒரு டயோடும் சேர வேண்டும். அந்தத் தொகுதி புரோகிராமிங் டிராக்கின் குறைந்த மின்னோட்டத்தை உறிஞ்சி சிவி வாசிப்பைக் குழப்பும் என்பதால், எண்களை எல்லாம் எழுதி முடித்த பிறகே இணைப்பது நலம்.

மூடியைப் பொருத்துவதில் கவனிக்க வேண்டியது வயர்கள் எங்கே கிடக்கின்றன என்பது மட்டுமே. எல்இடிகளுக்குப் போகும் வயர்களை மூடியின் உட்கூரையில் கேப்டான் டேப்பால் ஒட்டி, ஃப்ளைவீலின் அருகே எதுவும் தொங்காதபடி செய்தேன். ஃப்ளைவீலில் வயர் சுற்றிக்கொண்டால் ஒரு நொடியில் சால்டர் மூட்டுகளோடு பிடுங்கி எறிந்துவிடும். மூடியின் கொக்கிகள் அடிச்சட்டத்தில் மாட்டும் நான்கு இடங்களிலும் வயர் நசுங்கவில்லை என்று பார்த்துவிட்டு, இன்ஜினை மறுபடி புரோகிராமிங் டிராக்கில் வைத்து சிவி 8-ஐ வாசித்தேன். எண் முன்போலவே வந்தது. முகவரி, சிவி 2 முதல் 6 வரையிலான மதிப்புகள், சிவி 29 ஆகியவற்றை ஒரு சிறு தாளில் எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். டிகோடரைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்க நேர்ந்தால், அல்லது வேறு ஒன்றை மாற்ற நேர்ந்தால், அங்கிருந்து நேராக எழுதிக்கொள்ளலாம்.